ஒகிகுபோவில் ஒன்பது இருக்கை ராமென் கடை

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து மேற்கே செல்லும் சூவோ தட விரைவு ரயிலில் ஏறினால் பத்து நிமிடத்தை ஒட்டிய பயணத்தில் ஒகிகுபோ வந்துவிடும். சுற்றுலா நூல்களில் அதிகம் இடம்பெறாத, குடியிருப்புகளும் பழைய கடைத்தெருக்களும் நிறைந்த பகுதி அது. ஆயினும் சூப்பில் இட்ட நூடுல்ஸ் உணவான ராமென்னை விரும்பி உண்பவர்களிடையே அந்த ஊர்ப்பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. நிலையத்தின் வடக்கு வாயிலிலிருந்து சில நிமிட நடையில், ஒரு சலவைக் கடைக்கும் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் எழுதுபொருள் கடைக்கும் நடுவே ஒதுங்கியிருக்கும் சிறிய ராமென் கடை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஒன்பது இருக்கைகள், ஒரே வகை சூப், ஒரே வகை நூடுல்ஸ், அடுப்பருகே ஒரு சமையற்காரர், அவருக்கு உதவியாக ஒருவர் என்பதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை. இடநெருக்கடியால் நேர்ந்த சிக்கனம் என்று முதலில் தோன்றும் இந்தச் சிறிய அளவுதான் கடையின் சமையல் முறையையே தீர்மானிக்கிறது என்பதும், அங்கு கிடைக்கும் மிகச் சிறந்த சூப்பும் அங்கு படவேண்டிய எரிச்சல்களும் அதே காரணத்திலிருந்து வருபவை என்பதும் என் மதிப்பீடு.

கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஒன்பது பேர் மட்டும் உட்காரக்கூடிய இடத்துக்கு விளம்பரம் உதவியாவதைக் காட்டிலும் சுமையாவதே அதிகம். குறைகளையும் ஒளிக்காமல் எழுத வேண்டியிருப்பது இன்னொரு காரணம். இதே வார்ப்பில் அமைந்த கடைகள் டோக்கியோவில் ஏராளம் என்பதால், இங்கு சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி எந்தக் கடையின் வரிசையில் நிற்பவருக்கும் பயன்படும்.

ராமென் என்றதும் வெளிநாட்டினர் பலருக்கு மனத்தில் எழுவது பன்றி எலும்பைப் பல மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்டு எடுக்கும், பால்போல் வெளுத்த தொன்கொத்சு சூப். அது தெற்கே கியூஷூ தீவுக்கு உரியது. டோக்கியோவின் பழைய மரபு தெளிந்த பழுப்பு நிறச் சூப்பும் சோயா சாஸும் சேர்ந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமை நூடுல்ஸை ஜப்பானியர் நாவுக்கு ஏற்ப மாற்றிய கடைகளில் முதன்மையாகச் சொல்லப்படுவது, ஒசாகி கன்இச்சி என்பவர் யோகோஹாமா சீனர் குடியிருப்பிலிருந்து சமையற்காரர்களை வரவழைத்து 1910ஆம் ஆண்டில் அசகுசாவில் தொடங்கிய ராய்ராய்கென். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரிசி கிடைக்காமல், அமெரிக்கக் கோதுமை மாவு சந்தைக்கு வந்த நாட்களில், ரயில் நிலையங்களை ஒட்டி முளைத்த கறுப்புச் சந்தைகளில் இந்த உணவு பரவியது. ஒகிகுபோ நிலையத்தின் வடக்குப் பக்கம் அப்படிப்பட்ட சந்தை இருந்த இடம். 1949இல் அங்கே தொடங்கப்பட்ட ஹருகியா இன்றும் இயங்குகிறது. சொபா என்னும் ஜப்பானிய நூடுல்ஸ் விற்கும் கடைகளின் வழக்கப்படி உலர்மீனும் கடற்பாசியும் சேர்த்துச் சூப் வடிப்பது இப்பகுதியின் அடையாளமாயிற்று. நான் எழுதும் கடை அவ்வளவு பழையதன்று. ஆனாலும் அந்த வழியில் வந்ததுதான். அதன் உணவுப் பட்டியலில் ராமென் என்ற சொல்லே கிடையாது. பழைய முறைப்படி ‘சூகா சொபா’, அதாவது சீன நூடுல்ஸ், என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடை காலை 11.30 மணிக்குத் திறக்கிறது. மூடும் நேரம் பிற்பகல் மூன்று மணி என்று பலகையில் எழுதப்பட்டிருந்தாலும், சூப் தீர்ந்ததும் வாசலில் தொங்கும் நோரென் திரைச்சீலையை உள்ளே எடுத்துவிடுகிறார்கள். அதன்பின் யார் வந்து நின்றாலும் ஒரு தலைவணக்கத்தோடு திருப்பி அனுப்பப்படுவார்கள். வார நாட்களில் நண்பகலுக்கு முன்பே எட்டுப் பத்துப் பேர் வரிசையில் இருப்பார்கள். வரிசையின் ஒழுங்குகள் எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் எல்லோரும் அவற்றைக் கடைப்பிடிக்கிறார்கள்: சலவைக் கடையின் வாசலை மறைக்காமல் சுவரோரமாக நிற்க வேண்டும், பின்னால் வரும் நண்பருக்காக இடம் பிடித்து வைக்கக் கூடாது, மூவராகச் சென்றாலும் அடுத்தடுத்த இருக்கைகள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குடும்பத்தோடு செல்பவர்கள் இந்த மூன்றாவதை நன்றாக யோசித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சிறு குழந்தைகளை உட்கார வைக்க ஏற்ற நாற்காலியும் இல்லை, குழந்தை வண்டியை நிறுத்த இடமும் இல்லை.

உள்ளே நுழைந்தவுடன் இடப்பக்கம் உணவுச் சீட்டு இயந்திரம் நிற்கிறது. பணத்தைச் செலுத்தி, வேண்டிய பொத்தானை அழுத்தி, வரும் சிறு சீட்டைக் கவுன்ட்டரில் வைத்துவிட வேண்டும். சமைக்கும் கை காசைத் தொடாமல் இருக்கவும், கணக்குக்கென ஓர் ஆளை வைக்காமல் இருக்கவும் இரண்டு பேர் நடத்தும் கடைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. பொத்தான்களில் இருப்பதெல்லாம் ஜப்பானிய எழுத்துகள்தான், படங்களும் கிடையாது. வழி தெரியாதவர்கள் மேல் வரிசையின் இடக்கோடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் போதும், ஏனெனில் கடையின் முதன்மை உணவை அந்த இடத்தில் வைப்பது இத்தகைய கடைகள் பெரும்பாலானவற்றின் வழக்கம். அடிப்படைச் சூகா சொபா 950 யென், சுவையூட்டிய சாற்றில் ஊறிய முட்டையோடு 1,100 யென், இறைச்சித் துண்டுகள் கூடுதலாக உள்ள சாஷு-மென் 1,350 யென், நூடுல்ஸை மட்டும் அதிகமாக்கிக்கொள்ள 150 யென். வரி இந்த விலைகளுக்குள் அடங்கியது. அன்பளிப்பு வைக்கும் பழக்கம் அங்கே இல்லை.

இந்த இயந்திரம் கடன் அட்டையையும் ரயில் அட்டையையும் ஏற்பதில்லை. அதைவிட வியப்பு, 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய நோட்டுகளையும் ஏற்பதில்லை. புதிய ஆயிரம் யென் நோட்டைப் பலமுறை செருகிப் பார்த்துத் தோற்றவர்களுக்கு உதவியாளர் கைக்கழுவிக்கொண்டு வந்து பழைய நோட்டோ நாணயமோ மாற்றிக் கொடுக்கிறார்; அதுவரை வரிசை நகர்வதில்லை. புதிய நோட்டுகளுக்கேற்ப இயந்திரத்தை மாற்றுவது சிறு கடைகளுக்குப் பெரிய செலவு என்பது அந்நாட்களில் ஜப்பானிய நாளிதழ்களில் பரவலாகப் பேசப்பட்ட செய்தி. காரணம் நியாயமானதுதான் என்றாலும், பசியோடு வெளியே நிற்பவர்களுக்கு அது ஆறுதலாவதில்லை. நூறு யென், ஐந்நூறு யென் நாணயங்களாகக் கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

கவுன்ட்டர் ‘எல்’ வடிவில் அடுப்பைச் சுற்றி வளைந்து செல்கிறது. பை வைக்க ஸ்டூலின் அடியில் ஒரு கூடை, குடிநீருக்குக் குவளையும் கூஜாவும், மிளகுத்தூளும் வினிகரும் உள்ள ஒரு சிறு தட்டு ஆகியவையே ஒவ்வொருவருக்குமான உடைமை. எதிரே சமையல் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருப்பது காத்திருப்பின் பாதி அலுப்பைப் போக்கிவிடுகிறது. சமையற்காரர் மூன்று கிண்ணங்களை ஓர் ஈடாகக் கணக்கிட்டு வேலை செய்கிறார். முதலில் வெந்நீர் ஊற்றிக் கிண்ணங்களைச் சூடாக்குகிறார். அந்நீரைக் கொட்டிவிட்டுத் ‘தாரே’ எனப்படும், சோயா சாஸை அடிப்படையாகக் கொண்ட உப்புச் சாற்றை ஒரு சிறு கரண்டி ஊற்றுகிறார். மேலே மணமூட்டிய கொழுப்பு. ஆழமான கம்பிச் சல்லடைகளில் நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும்போது சூப்பை ஊற்றி, நூடுல்ஸை ஓங்கி உதறி நீரை முழுவதும் வடித்து, கிண்ணத்தில் இறக்கிக் குச்சியால் ஒருமுறை தூக்கி மடித்து ஒழுங்குபடுத்துகிறார். வடிக்காமல் விட்ட நீர் சூப்பை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் அந்த உதறலில் அவர் அவசரப்படுவதே இல்லை. மூன்று கிண்ணங்களும் ஒரே நேரத்தில் முடிகின்றன. நான்காவதாக உட்கார்ந்தவர் இருக்கை கிடைத்த பின்னும் அடுத்த ஈட்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆறு கிண்ணங்களை ஒரே நேரத்தில் போட்டால் வரிசை இருமடங்கு வேகத்தில் நகரும். ஆனால் கடைசிக் கிண்ணத்துக்கு வருவதற்குள் முதல் கிண்ணத்து நூடுல்ஸ் ஊறத் தொடங்கிவிடும்.

இனி சூப்பைப் பற்றி. கோழி எலும்பும் சிறிதளவு பன்றி எலும்பும் ஒரு பானையில் காலை முதல் சிறுதீயில் கிடக்கின்றன. சூப் தெளிவாக இருக்க வேண்டுமானால் அது கொதித்துப் புரளக் கூடாது. புரண்டால் எலும்பிலிருந்து வரும் ஜெலட்டினும் கொழுப்பும் நீரோடு கலந்து பால்போல் கலங்கிவிடும்; தொன்கொத்சு சூப்பில் வேண்டுமென்றே செய்யப்படுவது இங்கே தவிர்க்கப்படுகிறது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும் சூட்டில் பானையை மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பது, பெரிய தீயை மூட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பதைவிடக் கவனம் மிகுந்த பணி. இன்னொரு பானையில் கொம்பு என்னும் கடற்பாசியும், நெத்திலி இனச் சிறு மீன்களை வேகவைத்து உலர்த்திய நிபோஷியும், கத்சுஒபுஷியும் சேர்கின்றன. கத்சுஒபுஷி என்பது சூரை இன மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுக உலர்த்திச் சீவியது. மாசிக் கருவாட்டை அறிந்தவர்களுக்கு அதன் வாசனை அந்நியமாகத் தோன்றாது.

இந்த இரு பானைகளையும் ஒன்று சேர்ப்பதன் பின்னால் உறுதியான வேதியியல் இருக்கிறது. கொம்புவின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்பதை 1908இல் கண்டறிந்த ஜப்பானிய வேதியியலாளர் இகெதா கிகுனாயே, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ கத்சுஒபுஷியின் சுவையில் இனோசினேட்டின் பங்கைக் காட்டினார். இவ்விரண்டும் தனித்தனியே தருவதைக் கூட்டினால் வருவதைவிட, ஒன்றாகச் சேரும்போது நாவில் எழும் சுவை பன்மடங்கு மிகுகிறது என்பதைப் பிற்காலத்தில் குனினாகா அகிரா விளக்கினார். கடற்பாசியும் சோயா சாஸும் குளூட்டமேட்டைத் தர, மீனும் கோழியும் இனோசினேட்டைத் தருகின்றன. ஆகவே இக்கடைச் சூப்பின் முதல் கரண்டி நீர்மையாகத் தெரிந்தும், நாவின் பின்பகுதியில் அவ்வளவு நேரம் தங்குவதில் மாயம் எதுவுமில்லை.

நிபோஷியைக் கையாளுவதில்தான் சமையற்காரரின் தேர்ச்சி வெளிப்படுகிறது. மீனின் தலையையும் குடலையும் நீக்காமல் நெடுநேரம் வேகவிட்டால் கசப்பு ஏறிவிடும். முற்றிலும் நீக்கி வெகுநேரம் ஊறவைத்தால் சூப் நயமாகும், ஆனால் உயிர் இராது. கசப்பையே பெருமையாகக் கொண்டு, சாம்பல் நிறத்தில் குழம்பாகச் சூப் தரும் நிபோஷிக் கடைகளும் டோக்கியோவில் உண்டு. அவற்றுக்கென விசுவாசிகளும் உண்டு. இங்கே கசப்பு ஒரு கோடிழுத்ததுபோல் மட்டும் இருக்கிறது. கிண்ணம் கைக்கு வந்தவுடன் அது தெரிவதேயில்லை. சூடாக இருக்கும்வரை கோழியின் இனிமையும் சோயா சாஸின் மணமும் முன்னே நிற்கின்றன. பாதி உண்டபின், சூடு தணியத் தணிய, மீன் மெல்ல முன்னுக்கு வருகிறது. முடிவில் கிண்ணத்தின் அடியில் எஞ்சும் சூப், தொடக்கத்தில் குடித்ததிலிருந்து ஏறக்குறைய வேறொரு சூப்பாக இருக்கிறது. மேலே மிதக்கும் கொழுப்புப் படலம் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் இந்த மாற்றம் மெதுவாக நிகழ்கிறது. பெரிய நிறுவனக் கிளைகளில், மையச் சமையற்கூடத்திலிருந்து அடர்சாறாக வந்து சேரும் சூப்பை நீர்சேர்த்துச் சூடாக்கித் தருவதுண்டு. அவை நம்பகமானவை, சில சுவையானவையும்கூட, ஆனால் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே குரலில் பேசுபவை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. காலையில் வைத்த சூப்பையே கடைசிவரை பயன்படுத்துவதால் அது நாள் முழுவதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. திறந்தவுடன் சென்றால் அது மெலிதாக, மணம் மிகுந்து இருக்கிறது. இரண்டு மணிக்குப் பிறகு சுண்டி அடர்ந்து, உப்பும் ஒரு படி கூடித் தெரிகிறது. தாரேயின் அளவைக் குறைத்து ஈடுகட்டலாம் என்றாலும், கடைசி ஈடுகளில் அது போதிய அளவு செய்யப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கடையைப் பற்றி ஒருவர் ‘சற்றே நீர்த்தது’ என்றும் மற்றவர் ‘உப்பு தூக்கல்’ என்றும் சொன்னால் இருவரும் உண்மையே சொல்கிறார்கள் என்று கொள்ளலாம். சென்ற நேரம்தான் வேறு. என் விருப்பம் நண்பகலை ஒட்டிய நேரம்.

நூடுல்ஸ் கடையில் பிசையப்படுவதில்லை. அதற்கென உள்ள தயாரிப்பகத்திலிருந்து காலையில் மரப்பெட்டிகளில் வருகிறது. அதில் இழிவு எதுவுமில்லை, டோக்கியோவின் புகழ்பெற்ற கடைகள் பலவும் அப்படித்தான் வாங்குகின்றன. நடுத்தரத்தைவிடச் சற்று மெலிந்த, இலேசாகச் சுருண்ட இழைகள். மஞ்சள் நிறத்தைப் பார்த்து முட்டை சேர்த்தது என்று எண்ணுபவர்கள் உண்டு; பெரும்பாலும் அதற்குக் காரணம் கன்சுய் எனப்படும் காரநீர். அதிலுள்ள சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கோதுமை மாவிலுள்ள இயற்கை நிறமிகளை மஞ்சளாக்குவதோடு, பசையத்தை இறுக்கி இழைக்கு அந்த வழுக்கலான, பல்லை எதிர்த்து நிற்கும் தன்மையையும் தருகின்றன. தெளிந்த சூப்புக்கு இந்தச் சுருள் தேவை. மொழுமொழுவென்ற நேர் இழை இவ்வளவு மெல்லிய சூப்பை ஏந்தி வராது. ஆயினும் இழைகள் விரைவில் ஊறிவிடுகின்றன. படம் எடுத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் ஐந்தாறு நிமிடத்தைக் கழித்துவிட்டுப் பிறகு நூடுல்ஸ் குழைந்திருப்பதாகக் குறைசொன்னால் அது நியாயமாகாது. சுற்றிலும் எல்லோரும் ஒலியெழுப்பி உறிஞ்சி உண்பதும் அவசரத்தால் மட்டுமன்று. காற்றோடு சேர்த்து இழுக்கும்போது இழையின் சூடு தணிகிறது, மணமும் தொண்டை வழியாக மூக்கை எட்டுகிறது. கூச்சத்தை விட்டு அவ்வாறு உண்டவருக்கே நிபோஷியின் மணம் முழுமையாகக் கிடைக்கும்.

மேலே வைக்கப்படுபவற்றில் முதலிடம் மென்மாவுக்கு. மூங்கில் குருத்தைப் புளிக்கவைத்து, உலர்த்தி, மறுபடி ஊறவைத்துச் சோயா சாஸில் சமைத்த இந்தப் பட்டைகளை டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுவிடும் கடைகள் அதிகம். இங்கே பல நாள் ஊறிய மென்மா, நாருக்கு நார் பிரியும் மென்மையோடும் கடைசியில் ஒரு நறுக்கென்ற கடியோடும் இருக்கிறது. முட்டையின் மஞ்சள் கரு தேன்பதத்தில் சரியாக நிற்கிறது. ஆனால் ஊறிய நேரம் மிகுந்துவிட்டதால் வெள்ளைக் கரு உப்பாகவும் சற்றே ரப்பர் போலவும் ஆகிவிடுகிறது. நெகி என்னும் நறுக்கிய வெங்காயத்தாளும், நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாளில் ஒரு சதுரமும், சுழி வரைந்த வெள்ளை மீன்பிசைத் துண்டான நருதோவும் மரபுக்காக இருக்கின்றன. அவற்றில் நோரியைச் சூப்பில் நனைத்து உடனே தின்றுவிட வேண்டும், தாமதித்தால் கரைந்து சூப்பின் தெளிவையும் கெடுக்கும்.

சாஷு என்னும் பன்றி இறைச்சித் துண்டு எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. கொழுப்பு குறைந்த பகுதியை எடுத்து, வேகவைத்து, மெலிதாக அரிந்து வைக்கிறார்கள். பழைய டோக்கியோ பாணிக்கு அதுவே உரியது என்று வாதிடலாம். ஆனால் பாணி எதுவாயினும் இறைச்சி வறண்டிருப்பது வறண்டிருப்பதுதான். காலையில் அரிந்து வைத்ததைச் சூடுபடுத்தாமல் கிண்ணத்தில் போடுவதால், சூப்பின் சூட்டையும் அது கொஞ்சம் உறிஞ்சிவிடுகிறது. அடுப்பருகே இருப்பது ஒருவர் மட்டும் என்னும்போது எல்லாவற்றிலும் அவரது கவனம் சமமாக விழ முடியாது. சூப்புக்கு அவர் தந்த கவனத்தில் நான்கில் ஒரு பங்கு கூட இறைச்சிக்குக் கிடைக்கவில்லை. 400 யென் கூடுதலாகக் கொடுத்துச் சாஷு-மென் வாங்குவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

யார் செல்லக் கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இங்கே ஒன்றுமே இல்லை. இறைச்சியை வைக்காமல் கொடுங்கள் என்று கேட்டால் வைக்க மாட்டார்கள், ஆனால் சூப்பும், கொழுப்பும், தாரேயும் கோழி, பன்றி, மீன் ஆகியவற்றில் தோய்ந்தவை. பன்றியைத் தவிர்ப்பவர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் ராமென் ஆசையை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை. டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் தன்தன், விலங்குப் பொருள் எதுவும் சேராத ராமென்னுக்குப் பெயர்பெற்றது. கோதுமை, சோயா, முட்டை, மீன் ஆகியவற்றில் எதற்கு ஒவ்வாமை இருந்தாலும் இந்தக் கடைக்கு வர வேண்டாம். உப்பைக் கட்டுப்படுத்த வேண்டியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது, ஒரு கிண்ணம் ராமென்னைச் சூப்போடு முழுவதும் குடித்தால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். சூப்பை மீதம் வைப்பது அவமரியாதை என்று அஞ்சத் தேவையில்லை; பக்கத்து இருக்கைகளில் உள்ள முதியவர்கள் பலர் கால்வாசியை விட்டுவிட்டே எழுகிறார்கள்.

உபசரிப்பு சுருக்கமானது. உள்ளே வருபவரை வரவேற்று ஒரு குரல், சீட்டை வாங்கும்போது ஒரு கேள்வி, கிண்ணத்தை வைக்கும்போது ஒரு சொல், அவ்வளவே. சமையற்காரர் தலை நிமிர்வதில்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இதைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் வெளிநாட்டினர் சிலர் கைப்பேசியில் அடுப்பைக் காணொளி எடுக்க முயன்றபோது உதவியாளர் கையைக் குறுக்கே காட்டித் தடுத்த விதம் கடுமையாக இருந்தது. உணவை மட்டும் படம் எடுக்கலாம், மற்றவர்களையும் சமையலிடத்தையும் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்பு சுவரில் ஜப்பானிய மொழியில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு சிறு படக்குறி போட்டுவிட்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு நேராது. மற்றொரு குறை காற்றோட்டம். அடுப்பின் ஆவியும் கொழுப்பு வாடையும் உடையில் ஏறிக்கொள்கின்றன. குளிர்காலத்தில் கனத்த மேலங்கியோடு செல்பவர்கள் அன்று மாலை வரை மீன்வாடையோடு இருக்க நேரும்.

உண்டு முடித்தபின் உட்கார்ந்திருக்க முடியாது. யாரும் எழச் சொல்வதில்லை, ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்கும் முகங்களே போதும். கிண்ணத்தையும் குவளையையும் கவுன்ட்டரின் மேல்தட்டில் ஏற்றிவைத்து, முன்னால் கிடக்கும் துணியால் மேசையை ஒருமுறை துடைத்து, நன்றி சொல்லிவிட்டு வெளியேறுவது அங்குள்ள நடைமுறை. அமர்ந்தது முதல் எழுந்தது வரை இருபது நிமிடம்கூட ஆவதில்லை. வெளியே நின்ற நேரம் அதைப்போல் இருமடங்காக இருக்கலாம். நண்பரோடு உரையாட ஓர் இடம் தேடுபவர்களுக்கு ஒகிகுபோவில் நல்ல காபிக் கடைகள் இருக்கின்றன.

விலையைப் பற்றி ஒரு சொல். ஒரு கிண்ணம் ராமென் ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் விலகிவிடுவர் என்ற அச்சம் ஜப்பானியக் கடைக்காரர்களிடையே நெடுங்காலமாக இருக்கிறது. ‘ஆயிரம் யென் சுவர்’ என்றே அதைச் சொல்கிறார்கள். சுகாமோவில் இருந்த த்சுதா என்ற சிறிய ராமென் கடைக்கு 2015 டிசம்பரில், உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷெலின் வழிகாட்டியின் நட்சத்திரம் அறிவிக்கப்பட்டது. ராமென் கடை ஒன்றுக்கு அந்த மதிப்பு கிடைத்தது அதுவே முதல்முறை. அப்படிப்பட்ட கடைகளில் அந்தச் சுவர் எப்போதோ இடிந்துவிட்டது. ஆனால் தெருவோரச் சிறு கடைகள், கோதுமை, எரிவாயு, உலர்மீன் ஆகிய எல்லாவற்றின் விலையும் ஏறியபின்னும் இன்னும் அதை உரசிக்கொண்டே நிற்கின்றன. இந்தச் சூப்பில் அடங்கிய பொருளையும் உழைப்பையும் கணக்கிட்டால் 950 யென் குறைவு என்றே சொல்வேன். நூறு யென் ஏற்றி, அந்தப் பணத்தில் இறைச்சியையும் இயந்திரத்தையும் சரிசெய்தால் வரிசையில் ஒருவர்கூடக் குறைய மாட்டார்.

முதன்முறை செல்பவர்கள் மேல் வரிசை இடக்கோடிப் பொத்தானோடு நிறுத்திக்கொள்ளலாம். முட்டை வேண்டாம், கூடுதல் இறைச்சி வேண்டாம், நல்ல பசி இருந்தால் 150 யென்னுக்குக் கூடுதல் நூடுல்ஸ். மிளகுத்தூளைப் பாதி உண்டு முடிக்கும்வரை தொட வேண்டாம், ஏனெனில் அது விழுந்ததும் மீனின் மணம் பின்வாங்கிவிடும். வினிகரை மட்டும் இறுதியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கலாம். அடர்ந்துபோன சூப்பில் ஏறிய உப்பை அது ஓரளவு அடக்குகிறது. புதன்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் 11.15 மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் முதல் மூன்று ஈடுகளுக்குள் இடம் கிடைத்துவிடும்.